சைலன்சர் தானாக வந்து உட்கார வேண்டும்: வாசகர் கேள்வி-பதில்

பைக்கின் சைலன்சர் சரியாகப் பொருந்தாதது, வேறு பாகத்தில் இடிப்பது, இணைப்பில் புகை கசிவது ஆகியவற்றைப் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சிலிண்டரின் மேல்மூடியான இன்ஜின் ஹெட்டிலிருந்து வளைந்து இறங்கும் குழாயைப் பெண்ட் பைப் என்றும், அதன் பின்னால் வரும் உருளைப் பகுதியைச் சைலன்சர் என்றும் பதில்களில் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக ஓடும் என் 125 சிசி பைக்கில் வால்வு வேலைக்காக ஹெட்டைக் கழற்றி மாட்டினார்கள். அதன் பிறகு சைலன்சரின் பின்பக்கத் துளை, சேசிஸில் உள்ள பிராக்கெட்டின் துளைக்கு நேராக வரவில்லை. ஏறத்தாழ அரை அங்குலம் விலகி நின்றது. பட்டறையில் ஒரு கம்பியால் நெம்பிப் பிடித்து போல்ட்டை மாட்டிவிட்டார்கள். மூன்று மாதத்தில் பெண்ட் பைப்பின் கழுத்தில் விரிசல் கண்டது. இரண்டு முறை வெல்டிங் வைத்தும் அதே இடத்தில் மீண்டும் விடுகிறது. புதுப் பைப் வாங்கினால் சரியாகிவிடுமா?
— மதுரை வாசகர்

பதில்: புதுப் பைப்பையும் அதே போல நெம்பி மாட்டினால், அதுவும் அதே இடத்தில்தான் விரியும். விரிசலுக்குக் காரணம் பைப்பின் தரமோ வெல்டிங்கின் தரமோ அல்ல. அரை அங்குல விலகலை போல்ட்டின் பலத்தால் இழுத்துப் பிடித்து வைத்திருப்பதே காரணம். அந்த இழுப்பு முழுவதும் ஹெட்டை ஒட்டிய கழுத்தில் போய்ச் சேருகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது நொடிக்கு 100 சுற்று, ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 சுற்று என்று கணக்காகிறது. ஏற்கெனவே வளைந்து விறைத்து நிற்கும் உலோகம் அத்தனை அதிர்வையும் ஒரே கோட்டில் வாங்கினால் களைத்து விரியத்தான் செய்யும். வெல்டிங் வைத்த இடத்தின் ஓரம் சூட்டில் தன்மை மாறியிருப்பதால், இரண்டாவது விரிசல் முதலாவதைவிட விரைவில் வருகிறது.

இதனுடன் வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரண எஃகுக் குழாய் 100 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 1.2 மி.மீ. நீளும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் சுமார் 1.7 மி.மீ. நீளும். பைப் 300 டிகிரிக்குச் சூடாவது சாதாரணம் என்பதால், மூன்றரை முதல் ஐந்து மி.மீ. வரை அது நீண்டு சுருங்க இடம் வேண்டும். பின்பக்க போல்ட்டில் ரப்பர் புஷ்ஷும், சில வண்டிகளில் நீள்வட்டத் துளையும், பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தில் வழுக்கிச் செருகும் இணைப்பும் வைத்திருப்பது இதற்காகத்தான். நெம்பி மாட்டும்போது இந்த இடங்கள் எல்லாம் ஒரு பக்கமாக இறுகி, நீள்வதற்கு வழியில்லாமல் போகிறது.

ஹெட் வேலைக்கு முன்பு சரியாக இருந்தது பின்பு விலகியது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹெட்டின் புகைவாயிலுக்குள் கசிவை அடைக்க வைக்கும் பேக்கிங் வளையம். பழைய வளையம் கரியோடு கரியாக உள்ளே ஒட்டிக்கொண்டு, பார்ப்பதற்கு ஹெட்டின் உலோகம் போலவே தெரியும். அதன் மேலேயே புதிய வளையத்தை வைத்து மாட்டிவிட்டால் பைப் சில மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். வாயிலில் நேரும் அந்தச் சிறிய தள்ளலும் சாய்வும் ஒரு மீட்டருக்கு அப்பால் உள்ள பின் துளையில் அரை அங்குலமாகப் பெருகித் தெரியும். டார்ச் அடித்துப் பார்த்து, கூரான கொக்கியால் ஓரத்தை மெல்லத் துருவினால் செம்பின் நிறமோ கிராஃபைட்டின் கருமையோ தெரியவரும். அதை எடுத்துவிட்டு, வளையம் உட்காரும் படியைச் சுத்தம் செய்யுங்கள்.

அங்கே ஒன்றும் இல்லையென்றால் இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். வேலைக்காக அவற்றைத் தளர்த்தியிருந்து, இன்ஜின் தன் இடத்தில் சரியாக அமர்வதற்கு முன்பே முறுக்கியிருந்தால், ஹெட்டே சற்றுத் திரும்பி நிற்கும். மூன்றாவதாக, வண்டி எப்போதாவது வலப்பக்கம் விழுந்திருந்தால் ஃபுட்ரெஸ்ட் கம்பியோ சைலன்சர் பிராக்கெட்டோ உள்பக்கம் மடங்கியிருக்கலாம். அப்படியானால் நிமிர்த்த வேண்டியது பிராக்கெட்டை, பைப்பை அல்ல.

காரணத்தைக் கண்டு நீக்கிய பிறகு மாட்டும் வரிசையை மாற்றாதீர்கள். புதிய பேக்கிங்கை வைத்து, பெண்ட் பைப்பின் நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். பின் போல்ட்டையும் நடுவில் உள்ள கிளாம்ப்பையும் தளர்வாகவே மாட்டுங்கள். இந்த நிலையில் சைலன்சரைப் பிடித்து லேசாக அசைத்தால், பின் போல்ட் விரலால் தள்ளினாலே உள்ளே போய் வெளியே வர வேண்டும். அந்த நிலை வந்த பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். முதலில் ஹெட் பக்கத்து நட்டுகள், அடுத்து கிளாம்ப், கடைசியில் பின் போல்ட் என்று முறுக்குங்கள். பல பட்டறைகளில் சைலன்சரைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லாத காரணத்தால் பின் போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டு முன்னே வருகிறார்கள். வசதிக்காகச் செய்யும் அந்த ஒரு மாற்றம்தான் கழுத்து விரிசல்கள் பலவற்றின் தொடக்கம்.

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று மி.மீ. விலகல் மிஞ்சினால், பக்கவாட்டு இடைவெளியை வாஷர் வைத்து நிரப்பலாம். முன் பின் விலகலாக இருந்தால் பிராக்கெட்டின் துளையை வட்ட அரத்தால் சற்று நீட்டலாம். அதற்கு மேல் விலகல் இருந்தால் காரணம் இன்னும் அகப்படவில்லை என்று பொருள். இரண்டு முறை வெல்டிங் கண்ட உங்கள் பைப்பை, இந்தச் சோதனைகளை முடித்த பிறகு மாற்றிவிடுவதே நல்லது.

கேள்வி: புதுப் பேக்கிங் போட்டு ஒரு வாரத்தில் ஹெட் பக்கத்தில் கரி படிந்து, ஆக்சிலரேட்டரை விடும்போது டப் டப் என்று வெடிக்கிறது. பேக்கிங் மட்டமானதா?
— புதுக்கோட்டை வாசகர்

பதில்: பெரும்பாலும் இல்லை. இந்த வளையங்கள் நசுங்கி உட்கார்வதற்கென்றே செய்யப்பட்டவை. முதல் சில தடவை சூடாகி ஆறியதும் இன்னும் சற்று அமுங்கும். அப்போது நட்டுகள் தளர்ந்துவிடும். மாட்டிய மறுநாள், இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது இரண்டு நட்டுகளையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கிப் பார்க்க வேண்டும். பைப்பை ஹெட்டோடு சேர்த்துப் பிடிக்கும் துளைத் தகடான பிளேன்ஜுக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள சந்து இருபுறமும் ஒரே அளவாக இருக்கிறதா என்று கவனியுங்கள்; ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் திறந்திருந்தால் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் கசியும். ஆக்சிலரேட்டரை விட்டவுடன் வரும் வெடிப்புச் சத்தம், அந்தச் சந்தின் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்து, எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் ஆவியைச் சூடான பைப்புக்குள் எரியவைப்பதால் எழுவது. கசியும் இடத்தை உறுதிசெய்ய, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மடித்த தடித்த துணியால் சைலன்சரின் வாயை இரண்டு மூன்று நொடி மட்டும் அழுத்திப் பிடியுங்கள். சீறல் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் ஓட்டை.

கேள்வி: மனைவியும் நானும் சேர்ந்து போகும்போது வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் இரும்போடு இரும்பு மோதும் ஒலி வருகிறது. சைலன்சரின் உள்பக்கத்தில் ஒரு பள்ளமும் கீறலும் விழுந்திருக்கின்றன. தனியாகப் போனால் சத்தமே இல்லை.
— திருப்பூர் வாசகர்

பதில்: நிற்கும் வண்டியில் சைலன்சருக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே தெரியும் இடைவெளி உண்மையான இடைவெளி அல்ல. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு வில் போல மேலேறும். ஆள் ஏறினால் சக்கரத்தின் அச்சான ஆக்சிலின் நட்டு, செயின் அட்ஜஸ்டரின் முனை, டிரம் பிரேக்கின் கம்பி ஆகியவை நிற்கும்போது இருந்த உயரத்தில் இருப்பதில்லை. உங்கள் சைலன்சரில் பள்ளம் எந்த உயரத்தில் விழுந்திருக்கிறது என்று அளந்து, வண்டியில் இருவரையும் உட்கார வைத்து, அந்த உயரத்துக்கு எந்தப் பாகம் வருகிறது என்று பாருங்கள். மோதுவது எது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

என் அனுபவத்தில் இப்படிப்பட்ட புகார் பல நேரங்களில் பங்க்சர் ஒட்டியதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சக்கரத்தைக் கழற்றி மாட்டும் அவசரத்தில் ஆக்சிலை எதிர்ப்பக்கமிருந்து செருகிவிடுவார்கள். அப்போது தட்டையான தலை இருக்க வேண்டிய சைலன்சர் பக்கத்தில், நட்டும் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையும் வந்துவிடும். வண்டியின் கையேட்டில் ஆக்சில் எந்தப் பக்கமிருந்து செருகப்பட வேண்டும் என்று படம் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். அது சரியாக இருந்தால், சைலன்சரின் பின் போல்ட்டில் உள்ள ரப்பர் புஷ் நைந்து சைலன்சர் உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்றும், சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷில் ஆட்டம் இருக்கிறதா என்றும் சோதியுங்கள். ஷாக் அப்சார்பர் வலுவிழந்திருந்தாலும் இருவர் ஏறியவுடன் பின்பக்கம் அளவுக்கு மீறி அமுங்கும்.

இடைவெளியை அளக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, சப்பாத்தி மாவில் எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து, எண்ணெய் தடவி, மோதும் இடத்தில் சைலன்சரின் உள்பக்கம் ஒட்டுங்கள். வண்டியை ஓட்டாமல், இருவர் உட்கார்ந்து மூன்றாமவர் பின்பக்கத்தை அழுத்த, பலமாக ஐந்தாறு முறை அமுக்குங்கள். பிறகு மாவு நசுங்கிய இடத்தைக் கத்தியால் வெட்டித் தடிமனை அளந்தால் மிஞ்சியுள்ள இடைவெளி தெரிந்துவிடும். அசையும் பாகத்துக்கு எதிரே ஒரு விரல் பருமனாவது இடைவெளி இருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. அது போதாவிட்டால் சைலன்சருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே வாஷர் வைத்து வெளியே தள்ளலாம். ஆனால் அப்படித் தள்ளும்போது ஹெட் பக்கத்து நட்டுகளையும் கிளாம்ப்பையும் தளர்த்தி, முழுவதையும் மறுபடி வரிசையாக இறுக்க வேண்டும். பின்னால் மட்டும் தள்ளினால் மதுரை வாசகரின் விரிசல் உங்களுக்கும் வந்து சேரும். சைலன்சரைச் சுத்தியலால் தட்டிப் பள்ளமாக்கி இடம் உண்டாக்குவதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகள் நசுங்கிப் புகையின் வழி குறுகும்.

கேள்வி: பெண்ட் பைப்பைக் கழற்றும்போது ஒரு ஸ்டட் ஹெட்டின் மட்டத்தோடு ஒடிந்துவிட்டது. இன்னொன்றும் அசைய மறுக்கிறது. எங்கள் ஊரில் உப்புக்காற்று அதிகம்.
— தூத்துக்குடி வாசகர்

பதில்: ஹெட்டில் பதிந்து நிற்கும் தலையில்லாத மரைக்கம்பிதான் ஸ்டட். அசைய மறுக்கும் ஸ்டட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். துரு கரைக்கும் எண்ணெயை மாலையில் ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை விட்டுக் காத்திருங்கள். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும் உலோகம். ஆகவே ஸ்டட்டைச் சுற்றியுள்ள ஹெட் பகுதியை ஹாட் ஏர் கன்னால் மிதமாகச் சூடாக்கினால் மரையின் பிடி தளரும். எண்ணெயைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்பால் வைத்துவிட்டுத்தான் சூட்டைக் கொண்டுவர வேண்டும். பிறகு இரண்டு நட்டுகளை ஸ்டட்டில் ஒன்றுக்கொன்று எதிராக இறுக்கி, உள்பக்க நட்டை அவிழ்ப்பது போலத் திருப்புங்கள். கால் சுற்று அவிழ்த்தால் எட்டில் ஒரு சுற்று திரும்ப இறுக்கி, முன்னும் பின்னுமாகத்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

மட்டத்தோடு ஒடிந்ததை வீட்டில் துளையிட முயல வேண்டாம். கை டிரில் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் எஃகை விட்டு மெத்தென்ற அலுமினியத்துக்குள் போய்விடும். ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், நடுப்புள்ளி பார்த்துத் துளையிட்டு எடுக்கச் சொல்லுங்கள்; மரை கெட்டிருந்தால் சுருள் கம்பி மரையான ஹெலிகாயில் போட்டுப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். பெரிய ஸ்டட் போடுவதற்காகத் துளையை அகலப்படுத்தினால் பிளேன்ஜின் துளையையும் அகலப்படுத்த நேரும். பொருத்தம் அங்கிருந்தே கெடத் தொடங்கும். புதிய ஸ்டட்டின் நட்டு ஏறும் மரையில் செம்புப் பொடி கலந்த கிரீஸைத் தடவுங்கள். உப்புக்காற்று ஊரில் அது இல்லாமல் நட்டு ஏற்றவே கூடாது. 6 மி.மீ. ஸ்டட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவாகக் காணும் இறுக்கம். உங்கள் வண்டிக்கான கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். கிரீஸ் தடவிய மரை வழுக்கும் என்பதால் அளவின் கீழ்ப்பக்கத்தில் நிற்பது நலம்.

கேள்வி: என் மகளின் கணுக்காலுக்கு மேல் சைலன்சர் சுட்டுவிட்டது. வெப்பத் தகடு இருக்கத்தான் செய்கிறது, அதுவே சுடுகிறது. ஏன்?
— காரைக்குடி வாசகி

பதில்: அந்தத் தகடு காப்பது தன் தடிமனால் அல்ல, தனக்கும் சைலன்சருக்கும் இடையே உள்ள காற்றால். தகட்டின் திருகுகளுக்கு அடியில் வெப்பம் கடத்தாத வாஷர்களும் சிறிய குமிழ்களும் இருக்கும். கழுவும்போதோ பெயிண்ட் அடிக்கும்போதோ தகட்டைக் கழற்றியவர்கள் அந்த வாஷர்களைத் தொலைத்துவிட்டு, திருகை நேராக இறுக்கியிருப்பார்கள். தகடு சைலன்சரோடு ஒட்டிக்கொண்டு அதே சூட்டுக்கு வந்திருக்கும். உங்கள் மாடலுக்கான வாஷர் தொகுதி உதிரிபாகக் கடையில் தனியாகவே கிடைக்கும். ரப்பர் வாஷரை வைத்துச் சமாளிக்காதீர்கள், உருகிவிடும். மகளுக்கு இனி இப்படி நேர்ந்தால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை எதுவும் தடவ வேண்டாம்.

கேள்வி: 250 சிசி பைக்குக்கு வெளிச்சந்தை சைலன்சர் வாங்கினேன். பெண்ட் பைப்பில் செருகினால் தளர்வாக ஆடுகிறது. கிளாம்ப்பை எவ்வளவு இறுக்கினாலும் கசிகிறது. மைலேஜும் குறைந்துவிட்டது. சென்டர் ஸ்டாண்டு வேறு மேலே போய் இடிக்கிறது.
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: மூன்று தொல்லைகளும் ஒரே மாற்றத்தால் வந்தவை. பெண்ட் பைப்பின் வெளிவிட்டத்தையும் சைலன்சர் வாயின் உள்விட்டத்தையும் வெர்னியரால் அளந்தால் வித்தியாசம் ஒரு மி.மீ.க்கு மேல் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அவ்வளவு இடைவெளியைக் கிளாம்ப்பால் மூட முடியாது. லேத்தில் கடைந்த ஸ்டெயின்லெஸ் வளையமோ சரியான அளவு கிராஃபைட் வளையமோ வேண்டும். கிளாம்ப்பும் சைலன்சர் வாயில் உள்ள பிளவுகளின் மேல் உட்கார வேண்டும். பிளவைத் தாண்டி அமர்ந்தால் அது எதையும் நெருக்காது.

மைலேஜ் குறைவதற்குக் காரணம், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாராக இருக்கலாம். அதன் அருகில் கசிவு இருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் அதைப் பெட்ரோல் போதவில்லை என்று வாசிக்கும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி பெட்ரோலை அதிகமாக்கும். சென்டர் ஸ்டாண்டைத் தடுத்து நிறுத்தும் ரப்பர், பல மாடல்களில் சேசிஸில் இல்லாமல் பழைய சைலன்சரிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அதை எடுத்தால் ஸ்டாண்டு தன் எல்லையைத் தாண்டி மேலே போய் ஸ்விங் ஆர்மிலோ செயினிலோ உரசும். ஓடும்போது செயினில் உரசும் ஸ்டாண்டு விபத்துக்கு வழி. இதைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

பொருத்தத்தைச் சரிசெய்யும் வழியைச் சொன்னாலும், பழைய சைலன்சரை மீண்டும் மாட்டுவதே என் உறுதியான யோசனை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கான வண்டிகளில் புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் புகைக்குழாய்த் தொகுதியின் ஓர் அங்கம். உங்கள் மாடலில் அது சைலன்சர் பகுதியில் இருந்தால் அதையும் சேர்த்துக் கழற்றியிருக்கிறீர்கள். ஒலி, புகை அளவை மீறுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் செல்லாததாகும்.

கேள்வி: அப்பா வைத்திருந்த யெஸ்டியை மறுபடி ஓட்டத் தயார் செய்கிறேன். சைலன்சரின் வளைய நட்டு ஒரு பக்கம் மட்டும் அடிக்கடி தளர்கிறது.
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: யெஸ்டியைத் தயாரித்து, மைசூரில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா ஆலையின் 250 சிசி வண்டிகளில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு புகைவாயில்கள், ஒவ்வொன்றிலும் பைப்பை ஸ்டட்டுகளுக்குப் பதில் பெரிய வளைய நட்டு ஒன்று பிடித்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் தளர்கிறது என்றால் அந்தப் பக்கத்துப் பைப் வாயிலுக்கு நேராக நிற்காமல், நட்டு அதைச் சாய்வாகத் தாங்குகிறது என்று கொள்ளலாம். பின் போல்ட்டைக் கழற்றிவிட்டு, நட்டைக் கையால் மட்டும் ஏற்றிப் பாருங்கள். மூன்று நான்கு மரை தடையின்றி ஏறவில்லை என்றால் பைப்போ பின் பிராக்கெட்டோ வளைந்திருக்கிறது. தடையின்றி ஏறினால் பேக்கிங்கைப் புதிதாக வையுங்கள். அந்தக் காலத்துப் பேக்கிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் சுரண்டாமல், தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

நட்டை இறுக்க, அதன் பள்ளத்தில் மாட்டும் கொக்கி ஸ்பேனரைத்தான் பயன்படுத்த வேண்டும். உளியையும் சுத்தியலையும் வைத்துத் தட்டிய அடையாளங்கள் அந்த நட்டில் ஏற்கெனவே இருக்கும் என்று நினைக்கிறேன். பள்ளங்கள் சிதைந்திருந்தால் நட்டை மாற்றுங்கள். முதல் நாள் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சூடு இருக்கும்போதே கையுறை போட்டுக்கொண்டு ஒரு முறை இறுக்குங்கள். அடுத்த வாரம் மறுபடி பாருங்கள். தளர்ந்த நட்டோடு தொடர்ந்து ஓட்டினால் சிலிண்டரில் உள்ள மரையே தேய்ந்துவிடும், அதை மீட்பது நட்டு வாங்குவதைப் போல எளிதல்ல.